கரட்டுச்சீமைக் காற்றுச் சக்கரம்

காற்றுக்குக் கூலி கிடையாது, தீனி கிடையாது, படி உயர்த்தச் சொல்லி மனுவும் கொடுக்காது. இதை யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து வேங்கைமலை ராஜா திருமேனிராயருக்குக் காற்றின்மேல் அபாரப் பிரியம் வந்துவிட்டது. வானம் பார்த்த கரட்டுச்சீமையில் இனிக் காற்றே தண்ணீர் இறைக்கட்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். அதை நிறைவேற்றும் பொறுப்பு பிரதானி சேஷகிரியிடம் போனது.

பிரதானி இடம் பார்த்தார். மலையடிவாரத்தில் ராஜபாட்டை வளைகிற இடத்தில், பல்லக்கிலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும்படி, பாய் கட்டிய பெரிய மரச்சக்கரத்தை நிறுத்தினார். மலை மறைத்ததால் அங்கே காற்று வரவில்லை. கிணறும் இல்லை. கிணறு இரண்டாம் கட்டம் என்றார்கள்.

சக்கரம் சுற்றாவிட்டால் மன்னர் முகம் சுளிப்பாரே. அதனால் பின்னால் உயரமாக ஓலை வேலி கட்டி, உள்ளே மாடுகளை நிறுத்தி, சக்கரத்தோடு கயிற்றால் பிணைத்தார்கள். மன்னர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சக்கரம் ஜோராகச் சுற்றியது. மாடுகள் மேலே கணவாயிலிருக்கும் முள்ளிக்காட்டு ஊராருடையவை. அதுவரை அவைதான் அவ்வூர்க் கிணற்றில் தோல்வாளி கட்டிய கவலை இழுத்துப் பயிருக்குத் தண்ணீர் இறைத்தன. மாடில்லாமல் தண்ணீர் இறைக்க வந்த சக்கரம், தண்ணீர் இறைத்த மாடுகளைக் கொண்டுபோய்விட்டது.

முள்ளிக்காட்டு வெள்ளச்சி அரண்மனைக்கு நடந்து வந்தாள். மன்னரிடம் துணிந்து பேசக்கூடியவர் அவையில் பூவணர் ஒருவர்தான் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"சாமி, கம்பு கதிர் வாங்குற நேரம். இன்னும் ரெண்டு நாள் தண்ணி பாயலேன்னா சருகுதான். மாட்டை விடச் சொல்லுங்க."

"பிரதானியிடம் கேட்டாயா, அம்மா?"

"கேட்டேன். நான் முன்னேற்றத்துக்கு விரோதியாம். கம்பு திங்கிறவளுக்கு அதெல்லாம் எதுக்கு சாமி?"

மறுநாள் பூவணர் அவையில் மெல்ல ஆரம்பித்தார். "மன்னா, சக்கரத்துக்குப் பின்னால் மாடு நிற்பதாக ஊரில் பேச்சு."

"பொறாமை," என்றார் பிரதானி. "அவ்வளவு குறை கண்டவர் ஒருநாள் தாமே சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளட்டுமே, பிரபு."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "நாளை அயல்நாட்டுத் தூதரோடு அங்கே வருகிறேன். பூவணரே, சக்கரம் உம் பொறுப்பு. ஒரு மாடும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. சுற்றாவிட்டால் நீர் அவைக்கு வர வேண்டாம்."

பிரதானி மீசைக்குள் சிரித்தார். பூவணர் கும்பிட்டார். "அரண்மனை ஆட்கள் சிலரை அழைத்துப் போகலாமா, மன்னா?"

"யாரை வேண்டுமானாலும் அழைத்துப் போம்."

மறுநாள் உச்சிவெயில். பந்தலில் மன்னரும் தூதரும் அமர்ந்தார்கள். சக்கரம் முனகியது. கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. யோசித்தது. மறுபடி கொஞ்சம் நகர்ந்தது.

"பார்த்தீரா தூதரே, காற்றின் மகிமை," என்றார் மன்னர். சொல்லும்போதே நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. சால்வையால் துடைத்தார். மறுபடி வந்தது. "விசிறிக்காரர்கள் எங்கே?"

"வேலையில் இருக்கிறார்கள், மன்னா," என்றார் பூவணர்.

"என்னை விட்டுவிட்டு என்ன வேலை?"

பூவணர் வேலியைப் பிரிக்கச் சொன்னார். அரண்மனை விசிறிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே நின்று, ஆலவட்டத்தையும் சாமரத்தையும் தூக்கிப் பிடித்துச் சக்கரத்துக்கு வீசிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன கூத்து?"

"மாடு கூடாது என்று உத்தரவு, மன்னா. காற்று இல்லாத இடத்தில் காற்று உண்டாக்கத்தானே இவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்? தங்களுக்கு வீசினார்கள். இன்று தங்கள் சக்கரத்துக்கு வீசுகிறார்கள். அதற்கும் வியர்க்கிறதோ என்னவோ."

மன்னர் வெட்கத்தோடு தூதரைப் பார்த்தார். தூதர் அங்கவஸ்திரத்தால் வாயை மூடிக்கொண்டு, "எங்கள் நாட்டில் எருமை கட்டுகிறோம், மன்னா," என்றார்.

மன்னருக்குக் கோபம் பாதி, புழுக்கம் பாதி. "இந்தச் சீமையில் காற்றே கிடையாதா?"

கூட்டத்திலிருந்து வெள்ளச்சி சொன்னாள். "ஏன் இல்லாம, மகாராசா? மேலே கணவாயிலே ஏறி நில்லுங்க. துணியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

மன்னர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே ஏறினார். கணவாயில் கால் வைத்ததும் வெண்கொற்றக் குடை பின்பக்கமாக மடங்கியது. பிரதானியின் தலைப்பாகை பறந்து, ஒரு முள்மரத்தில் சௌகரியமாக உட்கார்ந்தது. பக்கத்திலேயே தண்ணீரோடு முள்ளிக்காட்டுக் கிணறு. மாடில்லாத கவலைச் சால் வெயிலில் காய்ந்து கிடந்தது.

"காற்று இங்கே இருக்கிறது. கிணறும் இங்கே இருக்கிறது. சக்கரத்தை ஏன் கீழே வைத்தீர்?"

பிரதானி தலையைத் தடவிக்கொண்டார். "பிரபு, பல்லக்கு இங்கே ஏறாது. இங்கே வைத்தால் தாங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?"

"அவரைக் கோபித்துப் பயனில்லை, மன்னா," என்றார் பூவணர். "தாங்கள் வருகிற வழி அவருக்குத் தெரிந்திருந்தது. காற்று வருகிற வழியை யாரும் அவரிடம் விசாரிக்கவில்லை."

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காற்றில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். மாடுகளை அப்போதே அவிழ்த்து ஊராரிடம் கொடுக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் கம்புக்குத் தண்ணீர் பாய வேண்டும், மறுநாளே சக்கரத்தைக் கழற்றிக் கணவாய்க்கு ஏற்ற வேண்டும் என்றார். "பூவணரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"மாடுகளுக்கு இரண்டு வண்டி வைக்கோலும் பருத்திக்கொட்டையும் கொடுங்கள், மன்னா. இவ்வளவு நாள் காற்றின் உத்தியோகத்தைப் பார்த்தவை அவைதான்."

அதுவும் ஆயிற்று. எல்லோரும் இறங்கப் புறப்பட்டபோது பிரதானி தயங்கித் தயங்கிப் பூவணரின் பக்கத்தில் வந்தார்.

"சக்கரம் வரட்டும். ஆனால் சக்கரத்தடியில் நட்ட திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறதே. மன்னர் பெயருக்குக் கீழே என் பெயரும் செதுக்கியிருக்கிறது. யானை கட்டி இழுத்தாலும் இந்த மேட்டில் ஏறாதே."

"அது எதற்கு ஏற வேண்டும்?" என்றார் பூவணர். "கீழேயே இருக்கட்டும், பிரதானியாரே. நீங்கள் நிறுத்தியதில் காற்று இல்லாமலே வேலை செய்வது அது ஒன்றுதான்."