வலது பிடியின் வயர்

"மாஸ்டர், என் மகளுக்கு வண்டி ஓட்டத் தெரியல. நீங்களாச்சும் நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார் சவரிமுத்து.

மாஸ்டர் என்றால் ராபியா. குன்னூரில் பட்டறை வைத்து பைக்குகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவள், வயது முப்பத்திரண்டு. சவரிமுத்துவுக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார முடியாமல், ராபியாவிடம் வந்து பைக் வேலை கற்றுக்கொள்கிறார். மகள் வயசுப் பெண்ணை வாய் நிறைய மாஸ்டர் என்று கூப்பிடுவதில் மனுஷனுக்குக் கூச்சமே கிடையாது.

மகள் அமலி வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள் ராபியா.

"செவ்வாக்கிழமை ஊட்டிக்கு ஏறுறப்ப விழுந்துட்டா. ஏன்னு கேட்டா, வளைவுல வண்டி தானா சீறுதுங்குறா. வண்டி என்ன பாம்பா, தானா சீற? இவதான் பயத்துல ஆக்சிலேட்டரை முறுக்குறா."

அமலி வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் சவரிமுத்து. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ராபியா வண்டியைச் சுற்றி வந்தாள். ஹேண்டில் பாரில், கைக்குச் சூடு தரும் பிடி, ஹீட்டர் கிரிப், புதுசாக மாட்டியிருந்தது.

"இது யார் போட்டது?"

"நான்தான்! போன வாரம்." சவரிமுத்துவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "ஆஸ்பத்திரியில இவளுக்கு ரத்தம் எடுக்குற வேலை மாஸ்டர். விடியக்காலைப் பனியில போனா விரல் விறைச்சுப்போயி ஊசி பிடிக்க முடியலன்னு அழுதா. எனக்குத் தாங்கல. உங்களுக்குச் சொல்லாமலே முடிச்சு, அப்புறமா காட்டலாம்னு இருந்தேன்."

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சாவியைத் திருப்பினால்தான் பிடிக்குக் கரண்ட் போகும். ஆக்சிலேட்டர் இருக்கும் வலது பிடியின் மேல்பக்கம் கிளம்பிய வயர், நூல் பிடித்த மாதிரி நேராக வந்து டேங்குக்கு அடியில் போனது. மூன்று விரல் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தார். தொங்குகிற வயரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஃபேக்டரிச் சுவரில் அவர் இழுத்த வயரெல்லாம் இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது.

"ரொம்ப அழகு" என்றாள் ராபியா.

"கேட்டுக்கோ" என்றார் அவர், மகளிடம்.

"ஐயா, சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. நியூட்ரல்லயே இருக்கட்டும்."

செய்தார். இஞ்சின் நிதானமாக ஓடியது. இரண்டு பிடியிலும் கை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு ஏறியது.

"கையை எடுங்க. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கோங்க."

அவர் கட்டிக்கொண்டார். ராபியா வலது பிடியின் நுனியில் ஒரே ஒரு விரலை வைத்து, ஹேண்டில் பாரை இடது பக்கம் மெல்லத் தள்ளினாள்.

வண்டி அலறியது.

பட்டறையே அதிர்ந்தது. சவரிமுத்து இரண்டடி பின்னால் போய் சுவரில் முட்டிக்கொண்டார். ராபியா விரலை எடுத்து ஹேண்டிலை நேராக்கினாள். அலறல் அடங்கியது. மறுபடி இடது பக்கம் தள்ளினாள், மறுபடி அலறியது. விறைத்த வயர் பிடியைப் பின்னால் சுண்டி இழுப்பதும், பிடி தானாக முறுக்கிக்கொள்வதும் அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

ஐயோ ஆண்டவரே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ராபியா சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"நான்... யாருமே முறுக்கலையே மாஸ்டர்."

"அமலியும் அதைத்தானே சொன்னா."

அவர் குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தார்.

ராபியா அமலியிடம் திரும்பினாள். "எந்தப் பக்க வளைவு?"

"இடது பக்கம்க்கா. பாதி திரும்பினதும் சீறிக்கிட்டு நேரா போயிருச்சு, எதிர்ப் பக்கத்துக்கு. பஸ் வந்துச்சு. டிரைவர் அண்ணன் பிரேக் போட்டு நிறுத்திட்டாரு. டயருக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இருந்துச்சு."

"பஸ்ஸா?" சவரிமுத்துவின் குரல் உடைந்தது. "பஸ் வந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லையே!"

"சொல்ல வந்தேன்பா. ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு வண்டின்னு சாவியைப் பிடுங்கிட்டுப் போயிட்டீங்க."

சவரிமுத்து மகளின் முழங்கைக் கட்டைப் பார்த்தார். அமலி செத்துப்போயிருந்தால் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் சனத்திடமெல்லாம் என்ன சொல்லியிருப்பார்? ஓட்டத் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பார். சாகிற வரைக்கும் அதையே நம்பியிருப்பார்.

மேசை மேல் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வண்டிமேல் பாய்ந்தார். முதல் டை தெறித்தது. இரண்டாவது தெறித்தது. வயரையே வெட்டப் போனார்.

ராபியா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாளைக்கும் பனி பெய்யும் ஐயா."

அவர் வயரை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிளேயரைக் கீழே வைத்தார். வெட்டாமல் விட்ட வயர், இறுக்கம் போய் ஹேண்டிலுக்குக் கீழே தொங்கியது.

"எவ்வளவு தளர்த்தி விடணும் மாஸ்டர்? ஒரு அளவு சொல்லுங்க. ஒரு சாணா, அரைச் சாணா?"

ராபியா வாசல் பக்கம் முகவாயை உயர்த்திக் காட்டிவிட்டு, கை கழுவப் போய்விட்டாள்.

வாசலில் அமலி நின்றிருந்தாள்.

சவரிமுத்து அப்புறம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, தொங்கிய வயரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். மகளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இங்க வா கண்ணு. ஹேண்டிலைத் திருப்பு" என்றார். "எங்க இழுக்குதுன்னு நீ சொல்லு."