சிடி கேட்ட ஒரே கேள்வி

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பர்வீனுக்கு வயது இருபத்தாறு. அவளிடம் பாடம் கேட்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. திருப்பூரில் எம்பிராய்டரி பட்டறை வைத்திருக்கிறவர். அவருடைய தையல் மிஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் பழைய விண்டோஸைத் தவிர வேறெதற்கும் மசியாது. அதுவும் அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பர்வீனைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, வேலையையே கற்றுக்கொள்ள வந்துவிட்டார்.

பழைய விண்டோஸை ஏற்ற உட்கார்ந்தால் அது பேர் கேட்கும், ஊர் கேட்கும், மணி கேட்கும், நீளமாக ஒரு நம்பர் கேட்கும். பர்வீன் தானே தயாரித்து வைத்திருந்த சிடியோ எல்லாவற்றுக்கும் தானாகவே பதில் சொல்லிக்கொண்டு போகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று கேட்கும்: ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழிக்கட்டுமா?

சென்னியப்பனுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

“ஏனுங்க அம்மிணி, இத்தனைக்கும் பதில் எழுதி வெச்சீங்க. அதுக்கு மட்டும் ஏன் எழுதலீங்க?”

“நீங்களே ஒரு சிடி பண்ணிப் பாருங்களேன்” என்றாள் பர்வீன்.

நான்கு நாள் மனுஷர் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்று சிடி வீணாயிற்று. நான்காவது எந்தக் கேள்வியும் கேட்காமல், சோதனைக்கு வைத்திருந்த காலி கம்ப்யூட்டரில் கடகடவென்று ஏறி முடித்தது. அவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை வந்துவிட்டது.

“வாயே தொறக்கல பாத்தீங்களா! இதே கம்ப்யூட்டரை வெச்சுட்டு ஊர்ல முப்பது பட்டறை அல்லாடுது. எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்துரலாமுங்களா?”

பர்வீன் சிடியை வாங்கினாள். தூசு தட்டுவதற்காக அவர் கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்தது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு தையலாக அவர் வரைந்த பூவும் மயிலும் அதில்தான் இருந்தன. நகல் எடுத்து வையுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

சிடியை அதில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் ஓடின.

“அம்மிணி, அது என்ற கம்ப்யூட்டருங்க!”

“ஆமாங்க.”

“நிறுத்துங்க, எல்லாத்தையும் அழிச்சுப்போடும்!”

பர்வீன் கைகட்டி நின்றாள். சென்னியப்பன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“உள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எனக்குத் தெரியுமுங்க” என்று பர்வீன் டிராயரைத் திறந்தாள். காலையிலேயே அவள் கழற்றி வைத்திருந்த அவருடைய ஹார்ட் டிஸ்க் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டருக்குள் மாட்டியிருந்தது வேறொரு காலி டிஸ்க்.

சென்னியப்பன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிளக் ஒயர் இன்னும் அவர் மறு கையில் இருந்தது.

பர்வீன் மெதுவாகக் கேட்டாள்:

“முப்பது பட்டறையிலயும் பிளக் பக்கத்துல நீங்களே நிப்பீங்களாண்ணா?”