தும்மலுக்குத் தடை போட்ட தளபதி

ஆப்பிரிக்காவின் தென்கோடியில், மரங்களைவிட முட்புதர்கள் அதிகமாக இருந்த ஒரு காட்டில், காட்டுநாய்க் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது.

குழந்தைகளே, நம் வீட்டில் யாராவது புறப்படும்போது தும்மல் கேட்டால், "கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போ" என்பார்கள். அந்த நாய்களுக்கோ தும்மல்தான் சம்மதம். "வேட்டைக்குப் போகலாமா?" என்று தலைவன் கேட்கும். போகலாம் என்று நினைக்கும் நாய்கள் 'அச்' என்று தும்மும். தும்மல் நிறையக் கேட்டால் கூட்டம் புறப்படும். இல்லாவிட்டால் எல்லாம் பேசாமல் படுத்துவிடும்.

அந்தக் கூட்டத்தின் காவல்படைக்குத் தளபதி, கருங்காதன் என்ற முரட்டு நாய். ஒருநாள் அது படையோடு வந்து தலைவனைத் துரத்திவிட்டது.

"இனி யாரும் தும்மக் கூடாது. நான் சொன்னால் புறப்பட வேண்டும், அவ்வளவுதான்!" என்று உறுமியது.

பாவம், சளி பிடித்த நாய்கள்கூட மூக்கை மணலில் புதைத்துக்கொண்டன. செம்பி என்ற தாய்நாய் ஒருமுறை தன்னை மறந்து தும்மிவிட்டது. கருங்காதன் அதன் காதைக் கடித்துக் கிழித்தது.

எத்தனை நாள்தான் அடக்குவது? ஒரு காலையில் எல்லா நாய்களும் சேர்ந்து தும்மின. படைநாய்களும் தும்மின! கருங்காதனின் ஆட்சி அதோடு முடிந்தது. வெள்ளைவாலன் என்ற நாய் தலைவனானது.

கருங்காதன் காட்டைவிட்டுப் போகவில்லை. கூட்டம் கூடும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளைவாலன் கிழக்கே போகலாம் என்றால் "தப்பு" என்றது. மேற்கே போகலாம் என்றால் "அதுவும் தப்பு" என்றது. கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துப் போனது.

கோடை வந்தது. இரை கிடைக்கவில்லை. குட்டிகள் பசியில் முனகின.

"ஆற்றுக்கு அக்கரையில் மான்கள் மேய்கின்றன. தண்ணீர் நம் வயிறு வரைக்கும்தான். குட்டிகளையும் கூட்டிக்கொண்டு உடனே கடந்துவிடலாம்," என்றது அவசரக்கார வெள்ளைவாலன்.

எல்லாப் பக்கமும் தும்மல் கேட்டது.

"தப்பு! இறங்காதீர்கள்!" என்று கத்தியது கருங்காதன்.

"ஆரம்பித்துவிட்டாயா? எங்கள் மூக்கை அடைத்தவன்தானே நீ! இன்று உன் வாயை அடைக்கிறோம்," என்று வெள்ளைவாலன் பல்லைக் காட்டியது. இளவட்டங்கள் கருங்காதனைச் சூழ்ந்துகொண்டன.

செம்பி குறுக்கே வந்து நின்றது.

"காது கிழிந்தது எனக்கு. அவன்மேல் கோபம் இல்லாமல் இருக்குமா? ஆனால் ஆற்றில் இறங்கப் போவது என் குட்டிகள். அவன் சொல்வதைக் கேட்காமல் நான் அவர்களை இறக்க மாட்டேன்."

கருங்காதன் தலையைக் குனிந்துகொண்டது.

"நான் ஆண்டபோது என் தம்பியை அந்த ஆற்றில் இறக்கினேன். அடியில் முதலைகள். என் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு போயின. வெளியே தெரிந்தால் அவமானம் என்று மறைத்துவிட்டேன். அவன் எங்கே என்று கேட்க அப்போது உங்களுக்கும் தைரியம் வரவில்லை."

வெள்ளைவாலன் நம்பவில்லை. ஆனாலும் கரையில் கிடந்த காய்ந்த தோல் ஒன்றைக் கவ்வி ஆற்றில் எறிந்தது.

'சளக்!' கலங்கிய தண்ணீரிலிருந்து பெரிய வாய் ஒன்று எழுந்து தோலை விழுங்கியது.

"அப்பாடா!" என்று செம்பி குட்டிகளை இழுத்து அணைத்து நக்கிக் கொடுத்தது. வெள்ளைவாலன் கருங்காதன் பக்கம் திரும்பியது. "நல்ல வேளை, உன்னைப் பேசவிட்டோம்," என்றது.

கூட்டம் மலைப்பக்கம் திரும்பியது. மாலைக்குள் ஒரு காட்டுப்பன்றி கிடைத்தது. குட்டிகள் வயிறு முட்டத் தின்றன.

அப்போது கருங்காதன் கனைத்துக்கொண்டு எழுந்தது. "பார்த்தீர்களா? என்னையே மறுபடி தலைவனாக்கலாமே?"

ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை.

"உட்காருங்கள், தளபதியாரே! நாளைக்கும் வந்து 'தப்பு' என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறோம்," என்றது செம்பி. எல்லா நாய்களும் சிரித்தன. கருங்காதனும் சிரித்துவிட்டு, தன் எதிர்ப்பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை யாரும் கடிக்கவில்லை.

நீதி: எதிர்த்துப் பேசுகிறவனுக்குக் காது கொடு, அதற்காகத் தலைமையையும் தூக்கிக் கொடுத்துவிடாதே.