மையாள் முழுகிய வானவில்

தண்ணீரில் வானவில் மிதப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, கண்ணுகளா? வேலங்குளத்து நீர்க்காகம் மையாள் பார்த்தாள்! வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற என்ஜினுக்கு யாரோ டீசல் ஊற்றும்போது சிந்திவிட்டது. அது குளத்தில் பரவி, நீலமும் பச்சையும் ஊதாவுமாய் மினுக்கியது.

மையாள் அதையே உற்றுப் பார்த்தாள். இறக்கையில் அடிபட்டு அவள் பின்தங்கியபோது, கூட்டத்தோடு தெற்கே போன அவள் துணை நெடியன், இன்றைக்குத்தான் அவளைக் கூட்டிப்போக வருகிறான். அடி ஆறிவிட்டது. ஆசைதான் ஆறவில்லை. கோடை முழுக்க வானத்தையே பார்த்துக் கிடந்தவள் அவள்.

“இந்தக் கரிச்சட்டி நிறத்தோடவா அவர் முன்னால போய் நிற்பேன்?”

கரையில் அசைபோட்ட எருமைக்குச் சிரிப்பு வந்தது. “அடியே, என்னைவிடவா நீ கறுப்பு? எனக்கு மூணு கன்னு பிறக்கலையா!”

“போ அக்கா! மீன்கொத்தி மட்டும் மினுக்கலாமா? இந்த வானவில்லுல முழுகி நானும் மினுக்கப்போறேன்!”

“அது வானவில் இல்லடி, டீசல்; என்ஜினோட சாப்பாடு! அதைக் குடிச்சு அது ஓடினாத்தான் இந்த வயல் பச்சையா இருக்கும். உனக்கு எதுக்கு அது?”

மையாள் கேட்கவில்லை. கண்ணை மூடி ஒரே முழுக்கு!

எழுந்தபோது ஒரு நிறமும் ஒட்டவில்லை. பிசுக்குதான் ஒட்டியது. இறகோடு இறகு பின்னிக்கொண்டது. வெயிலில் விரித்துப் பார்த்தாள், காயவில்லை. எம்பினாள், விழுந்தாள். தட்டுத்தடுமாறிக் கரையேறி, எருமையின் காலடியில் கோரைப்புல்லுக்குள் சுருண்டாள்.

அப்போது பார்த்துக் கூட்டம் வந்தது! டீசல் நாற்றத்தில் யாரும் இறங்கவில்லை. நெடியன் மட்டும் தாழப் பறந்து குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“மையா! என் கறுப்பழகி! எங்கே இருக்கே?”

“வாப்பா, இருட்டப்போகுது!” என்று மேலிருந்து அவசரப்படுத்தினார்கள்.

மையாள் வாயைத் திறந்தாள். எண்ணெய் விழுங்கிய தொண்டையில் காற்றுதான் வந்தது.

ஒன்றை ஓடவைப்பது இன்னொன்றை முடக்கிவிடும். இரவல் மினுக்குக்கு ஆசைப்பட்டால் இருக்கிற சிறகும் போய்விடும்.

நெடியன் மேலே எழும்பத் தொடங்கினான். மையாள் எருமையின் காலை அலகால் தொட்டு, காற்றாய் வந்த குரலில் கெஞ்சினாள்: “அக்கா, அவர் போறதுக்குள்ள, நான் இங்கேதான் கிடக்கேன்னு ஒரு குரல் கத்திச் சொல்லேன்!”