ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

“கிருமிக்குக் கிழமை தெரியுமா மேடம்?” என்று கேட்டார் இன்னாசிமுத்து.

தில்லைநாயகி கையிலிருந்த சோதனைக் குழாயைக் கீழே வைத்தார். “ஏன் சார்?”

“என் கணிப்பு ஆறு நாளும் சரியா வருது. ஞாயித்துக்கிழமை மட்டும் கவுத்துடுது.”

இன்னாசிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குடிநீர் நிலையத்தில் இருபத்தாறு வருடம் பொறியாளராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய ஆசிரியை தில்லைநாயகிக்கு முப்பத்துமூன்று.

அந்த ஏரிக்கு நீளமான மணற்கரை. கோடையில் சுற்றுவட்டார ஜனங்கள் அங்கேதான் குளிப்பார்கள். தண்ணீரைச் சோதித்தால் முடிவு வர ஒரு நாள் ஆகும். அதற்குள் குளித்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதனால் இன்னாசிமுத்து கணினிக்குள் ஓர் ஏரியைக் கட்டியிருந்தார். காற்று, மழை, வெயில், ஓடை கொண்டுவரும் சாக்கடை எல்லாவற்றையும் கொடுத்தால், இன்று எவ்வளவு கிருமி என்று அது காலையிலேயே சொல்லிவிடும். அதைப் பார்த்து அவர் கரையில் பலகை வைப்பார்.

மூன்று ஞாயிறு ‘குளிக்கலாம்’ என்று வைத்தார். பதினொரு பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு.

“அதுல ஒரு பொண்ணுக்கு அஞ்சு வயசு. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தினாங்க. போய்ப் பார்த்தேன். ‘பலகை வச்ச மாமா நீங்களா’ன்னு கேட்டா.”

“இப்போ எப்படி இருக்கா?”

“இட்லி சாப்பிடுறா.”

“நல்லது.”

“மழை பேஞ்சு ஒரு மாசம் ஆச்சு. ஓடை காஞ்சு கிடக்கு. அப்புறம் எங்கேருந்து வருது மேடம்?”

தில்லைநாயகி இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொண்டார். “வாங்க.”

அன்று வெள்ளிக்கிழமை. கரையில் ஆளில்லை.

“ஓரத்துல குனிஞ்சு ஒரு டம்ளர் மொள்ளுங்க.”

மொண்டார். தெளிவாக இருந்தது.

“இப்போ இறங்கி நடந்துட்டு வாங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

இன்னாசிமுத்து பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அந்தத் தண்ணீரில் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. முழங்கால் ஆழத்தில் இப்படியும் அப்படியும் பத்து முறை நடந்தார். குளிர்ச்சியாக, சுகமாகத்தான் இருந்தது.

“அதே இடத்துல இன்னொரு டம்ளர்.”

இரண்டாவது டம்ளர் கலங்கியிருந்தது.

“அடியில கிடந்த மணல் மேடம். மேல கிளம்பியிருக்கு.”

“யார் கிளப்பினது?”

இன்னாசிமுத்து குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

மறுநாள் முடிவு வந்தது. தெளிந்த டம்ளரில் கிருமி நாற்பது. கலங்கிய டம்ளரில் தொள்ளாயிரம். யாரும் சொல்லாமலே அவர் ஏரியின் அடிமணலில் ஒரு பிடி அள்ளிவந்து சோதித்தார். போன மாத மழை கொண்டுவந்து போட்ட கிருமியெல்லாம் அங்கே, வெயில் படாத இடத்தில், செத்துப்போகாமல் கிடந்தது.

“என் ஏரியில காத்து இருக்கு, வெயில் இருக்கு, ஓடை இருக்கு,” என்றார். “ஒரு ஆள்கூட இல்லை மேடம்.”

தில்லைநாயகி பிளாஸ்க்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றினார்.

அடுத்த ஐந்து வாரம், ஞாயிறுதோறும் கரையில் ‘குளிக்க வேண்டாம்’ பலகைதான். இன்னாசிமுத்து மணலையும் மனிதர்களையும் தன் கணினி ஏரிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். பலகையை மதிக்காமல் இறங்கியவர்களைத் தலை எண்ணினார். எத்தனை கால் பட்டால் எத்தனை கிருமி எழும்புகிறது என்று அளந்தார்.

ஆறாவது ஞாயிறு காலை கணினியைக் கேட்டார். பத்து மணி வரை பயமில்லை, வழக்கமான கூட்டம் சேர்ந்தால் நண்பகலுக்கு எண்ணூற்றைம்பது என்றது. பலகையை மாற்றி எழுதினார்: ‘காலை பத்து மணி வரை குளிக்கலாம்.’

தோளில் துண்டோடு வந்த ஒருவர் நின்று படித்தார். “பத்து மணிக்கு மேல தண்ணிக்கு என்ன சார் ஆகும்?”

“தண்ணி தானா கெடாதுண்ணே, நாமதான் கெடுப்போம். கூட்டம் சேர்ந்து அடிமணலைக் கலக்கிடுவோம்.”

கலக்காமல் ஒன்று, காலால் கலக்கி ஒன்று என இரண்டு டம்ளர்களில் தண்ணீர் மொண்டு காட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். தொண்டை கட்டிப்போயிற்று.

நண்பகலில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு வைத்தார்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. எழுபது.

தாளைத் தில்லைநாயகியின் மேஜையில் வைத்தார்.

“எண்ணூத்தி ஐம்பதுன்னு சொன்னேன். எழுபதுதான் வந்திருக்கு. இவ்வளவு மோசமா எப்பவும் தவறினதில்லை.”

“அப்போ ஏன் சார் முகமெல்லாம் சிரிப்பா இருக்கு?”

“தெரியலை மேடம்.”

“பத்து மணிக்கு மேல எத்தனை பேர் தண்ணியில இருந்தாங்க?”

“ஒருத்தரும் இல்லை. பலகையைப் படிச்சுட்டு எல்லாரும் ஏறிட்டாங்க. மரத்தடியில உக்காந்து கட்டுச்சோறு சாப்பிட்டாங்க. எனக்கும் ஒரு உருண்டை குடுத்தாங்க.”

தில்லைநாயகி தாளை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இந்தத் தப்பைத் திருத்திடாதீங்க சார்.”