சுண்டங்குறிச்சியில் நடந்த பிரிட்ஜ் ஆராய்ச்சி

சுண்டங்குறிச்சிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்கிறவர்கள் ஊரைச் சரியாகப் பார்க்காதவர்கள். மூளை எல்லாருக்கும் இருக்கிறது. புத்தம்புதிதாக இருக்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்குத்தான் பேராசிரியர் தையல்நாயகி ஆராய்ச்சி செய்ய வந்தார். ஊரில் பாம்பு அதிகம். கடித்தால் முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகிற வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. உள்ளூர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை வாங்கி வைக்கலாமென்றால், அது குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டிய மருந்து. சுண்டங்குறிச்சியில் கரண்ட் விருந்தாளி மாதிரி, எப்போதாவதுதான் வரும்.

அதனால் பேராசிரியர் ஆஸ்பத்திரிக் கூரை மேல் ஒரு சோலார் பேனல் போட்டார். சூரியன் நகர நகர அந்தப் பேனலைத் திருப்புவதற்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. கீழே ஒரு பிரிட்ஜ். பிரிட்ஜுக்குள் மருந்து. வெயில் போதுமா, பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா, மருந்து கெடாமல் இருக்கிறதா, மருந்து பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஜனங்களின் மனசில் பயம் குறைகிறதா, இதையெல்லாம் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நல்லபடியாக முடிந்தால் பிரிட்ஜ் ஊருக்கே சொந்தம். இல்லாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விடும்.

உதவிக்கு உள்ளூரிலிருந்து மூன்று பேரை எடுத்தார். மூத்தவர் ஆவுடையப்பன், கண்ணாடி போட்டிருந்ததால் தலைவரானார். அடுத்தது கோமதிநாயகம், சொன்ன வேலையை விடவே மாட்டான். மூன்றாவது பிச்சம்மாள், எழுதப் படிக்கத் தெரிந்தவள். எழுதினதைத் திரும்பப் படிக்கும் பழக்கம் மட்டும் இல்லை.

முதல் மாதம் பேராசிரியர் கூடவே இருந்ததால் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு அவர் பத்து நாள் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. போகிற அன்று மூவரையும் உட்கார வைத்து, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். பேனல் மேல் நிழல் விழவே கூடாது. பெட்டியை எப்போதும் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். பிரிட்ஜ் ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும், தாண்டினால் மருந்து வீண். ஜனங்களிடம் கேள்வி கேட்டால், அவர்கள் பேசி முடிக்கிறவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிச்சம்மாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியதும் கோமதிநாயகம் முதல் வேலையாகத் தேங்காய்க் கயிறு வாங்கிவந்து, பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினான். கட்டுக்குள் வந்தாயிற்று. பாடு எங்கே என்று பிச்சம்மாள் கேட்டாள். நான் படுகிற பாடு போதாதா என்று அவன் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் ஒரு காக்கை பேனலைத் தாண்டிப் பறந்தது. அதன் நிழல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போனதை மூவரும் பார்த்தார்கள். அன்றைக்கு முழுவதும் ஆளுக்கொரு கம்போடு கூரை மேல் நின்று காக்கை விரட்டினார்கள். விரட்டுகிறவர்களின் நிழல் பேனல் மேல் விழுவதைச் சாயங்காலம்தான் ஆவுடையப்பன் கவனித்தார். அதற்கடுத்த நாள் மேகம் வந்தது. மேகத்துக்குக் கம்பு எட்டவில்லை.

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"நிழல் மேலேர்ந்துதானே விழுது?" என்றார் ஆவுடையப்பன்.

"ஆமா அண்ணாச்சி. கீழேர்ந்து விழுந்து நான் பாத்ததில்ல" என்றான் கோமதிநாயகம்.

"அப்பம் மேல ஒரு தார்ப்பாயப் போட்டு மூடிட்டா?"

பிச்சம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "நிழல் தார்ப்பாய் மேல விழும். பேனல் மேல விழாது."

இவ்வளவு சுலபமான வழி பேராசிரியருக்குத் தெரியாமல் போயிற்றே என்று மூவருக்கும் வருத்தமாக இருந்தது. பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. நெல் மூடுகிற நல்ல கனமான தார்ப்பாயாகப் பார்த்து வாங்கி, ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாதபடி மூடினார்கள். நோட்டில் பிச்சம்மாள் எழுதினாள்: "நிழல் – இல்லை."

பேனல் பாவம், சூரியனைக் காணாமல் தார்ப்பாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு ஓய்ந்துவிட்டது. புதன்கிழமை காலையில் பேட்டரியும் தீர்ந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, அதுவும் அணைந்தது. பிரிட்ஜ் கதவில் இருந்த தெர்மாமீட்டர் ஏழிலிருந்து எட்டுக்குப் போய்விட்டது.

மூவரும் உண்மையாகவே பயந்துபோனார்கள். ஊருக்கு வந்த பிரிட்ஜ். மருந்து கெட்டால் அது போய்விடும், அப்புறம் யாரைப் பாம்பு கடித்தாலும் பழையபடி முப்பத்திரண்டு கிலோமீட்டர். போன வருஷம் கோமதிநாயகத்தின் சித்தப்பா அப்படித்தான் பாதி வழியில் போனார். பிச்சம்மாள் நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தாள்: "பிரிட்ஜ் ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்."

ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரியின் கதவு எண் பதினாலு.

"அடப்பாவிகளா, தப்பான எடத்துலல்லா வச்சிருக்கோம்" என்றார்.

ரெண்டாம் நம்பர் வீட்டுக்கும் எட்டாம் நம்பர் வீட்டுக்கும் சரி நடுவில் இருந்தது அஞ்சாம் நம்பர். அது மீன் விற்கிற மரியபுஷ்பத்தின் வீடு. கயிறு கட்டி, கம்பு கோத்து, சாமி சப்பரம் மாதிரி பிரிட்ஜைத் தெரு வழியாகத் தூக்கிப் போனார்கள். மரியபுஷ்பம் வாசலிலேயே மறித்தாள். ஆராய்ச்சி என்று சொன்னதும் வழிவிட்டாள். அவள் விவரமான பெண். அதனால்தான் அந்த ஊரில் அவளிடம் யாரும் எதையும் கலந்துபேசுவதில்லை. கதவைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்தவள், இது என்ன அடுப்பு மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு, மீனுக்கு வைத்திருந்த ஐஸை உடைத்து இரண்டு சட்டி நிறைய உள்ளே வைத்தாள். பிறகு மூன்று நேரமும் மாற்றி மாற்றி வைத்தாள். அதை அந்த மூவரிடம் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று வியாழக்கிழமை காலையில் பிச்சம்மாள் கேள்வித்தாளை எடுத்தாள். "கடந்த ரெண்டு வாரத்தில் உங்களுக்கு மனசு கஷ்டமாக இருந்ததா?" என்று மரியபுஷ்பத்திடம் கேட்டாள்.

மரியபுஷ்பம் கையிலிருந்த அரிவாள்மணையைக் கீழே வைத்தாள். கலியாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேச ஆரம்பித்தாள். மாமியாரில் தொடங்கினாள். மூவரும் வரிசையாக உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் கேட்டார்கள். மத்தியானம் நாத்தனாருக்கு வந்தாள். பூனை வந்து நாலு சாளை மீனைத் தூக்கிக்கொண்டு போனது. மூவரும் பார்த்தார்கள், ஆனால் சொல்லவில்லை. குறுக்கே பேசக் கூடாது. உலை பொங்கி அடுப்பு அணைந்தது. அதையும் பார்த்தார்கள். இருட்டுகிற நேரத்தில் மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் போய் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

அவள் புருஷன் சவரிமுத்துவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தச் சவரிமுத்துவே கொல்லைப்பக்கம் விறகடுக்கிலிருந்து கத்தினான். காலில் ஏதோ கடித்துவிட்டது என்று கத்தினான். கண்ணாடி விரியன் என்று அடுத்துக் கத்தினான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் எழுந்திருக்கப் பார்த்தான். ஆனாலும் மரியபுஷ்பம் வாக்கியத்தை முடிக்கவில்லையே.

நல்லவேளையாக மரியபுஷ்பத்துக்கே காது கேட்டது. எழுந்து ஓடினாள்.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வருகிற டாக்டர் ஜெபராணி அதே நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து, பிரிட்ஜ் இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரோ கை காட்டிய பக்கம் கோபமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அஞ்சாம் நம்பருக்குள் நுழைந்தவர், திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிவிட்டு, சவரிமுத்துவின் காலைப் பார்த்தார். இரண்டு பல் தடம். வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து கெட்டிருக்குமே என்று பயந்துகொண்டே பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஐஸ் சட்டி. நடுவில் மருந்துக் குப்பிகள். தெர்மாமீட்டரில் அஞ்சு.

"எப்படி?" என்றார் டாக்டர்.

"கதவு நம்பரும் அஞ்சுதான் டாக்டரம்மா" என்றார் ஆவுடையப்பன்.

டாக்டருக்கு நின்று பேச நேரமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சாமான்களைக் கொண்டுவரச் சொல்லி, பெஞ்சியில் படுக்க வைத்து மருந்தை ஏற்றத் தொடங்கினார். காலை அசையாமல் பிடிக்கச் சொன்னதும் கோமதிநாயகம் பிடித்தான். சவரிமுத்து மரியபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நேற்றுப் பூராவும் நீ சொன்னதைக் கொல்லையிலிருந்து கேட்டேன், பெரும்பாலும் நியாயம்தான் என்றான். அவள் அழுதாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. கோமதிநாயகமும் காலோடு போனான். விடு என்று யாரும் சொல்லாததால் வார்டில் மூன்று நாள் பிடித்துக்கொண்டே இருந்தான். நாலாம் நாள் சவரிமுத்து பஸ்ஸில் வந்து இறங்கி, தன் காலாலேயே வீட்டுக்கு நடந்தான். கோமதிநாயகத்தைத்தான் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள், கை இரண்டும் மரத்துப்போயிருந்தது.

பேராசிரியர் திரும்பி வந்து தார்ப்பாயைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதற்குள் நகரத்திலிருந்து ஆய்வுக் குழுவும் வந்துவிட்டது. வெயில் கணக்கு சைபர், பெட்டிக் கணக்கு சைபர் என்று பார்த்து முகம் சுளித்தவர்கள், கடைசியில் நடந்து வந்த சவரிமுத்துவைப் பார்த்தார்கள். கேள்வித்தாள் கணக்குப்படி மரியபுஷ்பத்தின் மனக் கஷ்டம் பத்தொன்பதிலிருந்து நாலுக்கு இறங்கியிருந்தது. அவளே ஐஸ் விஷயத்தையும் எடுத்துச் சொன்னாள். குழுத் தலைவர் நல்ல மனுஷர். பேனல் தார்ப்பாய் இல்லாமல் ஓடட்டும், வெயில் இல்லாத நாளைக்கு அந்த அம்மா ஐஸைப் பார்த்துக்கொள்ளட்டும், பிரிட்ஜ் ஊரிலேயே இருக்கட்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. சம்பவத்தில் பங்கெடுத்தவர்கள் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும்.

அதை வாங்குகிற வேலையைப் பேராசிரியர் அந்த மூவரிடமே கொடுத்தார். களைப்பில் செய்த காரியம், குற்றம் சொல்ல முடியாது.

சவரிமுத்து கையெழுத்துப் போட்டான். மரியபுஷ்பம் போட்டாள். டாக்டர் போட்டார். மூவரும் தங்களுக்கும் போட்டுக்கொண்டார்கள்.

"எல்லாரும் ஆச்சுல்லா?" என்றார் ஆவுடையப்பன்.

பிச்சம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "முக்கியமான ஆள் பாக்கி அண்ணாச்சி. கடிச்சது யாரு?"

மூவரும் படிவத்தையும் மைப்பேடையும் எடுத்துக்கொண்டு விறகடுக்குக்குப் பின்னாலிருந்த வளைக்குப் போனார்கள். பாம்புக்குக் கை இல்லையே, கையெழுத்து எப்படி என்று கோமதிநாயகம் கேட்டான். கைநாட்டுக்குப் பதிலாக வால்நாட்டு வாங்கலாம் என்று தீர்மானமாயிற்று. ஆவுடையப்பன் குனிந்து வளைக்குள் படிவத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "இந்த ஆய்வில் நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றிப் பங்கேற்கிறேன். விருப்பமில்லையெனில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதை அறிவேன்." நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் வளைக்குள் சலசலப்பு. ஒரு பெருச்சாளி வெளியே வந்து, மைப்பேடில் ஏறி, படிவத்தின் மேல் ஓடி மறைந்தது.

ஆவுடையப்பன் தாளை எடுத்துத் தடங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு பிச்சம்மாள் அந்த நாலு தடத்துக்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினாள்: "பாம்புக்காக, பெருச்சாளி."

இரண்டு வாரம் கழித்து நகரத்து அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "கையெழுத்து சரி. தேதி இல்லை. கையெழுத்திட்டவரிடமே தேதி பெற்று அனுப்பவும். அதுவரை பிரிட்ஜ் தற்காலிகமாக அங்கேயே இருக்கலாம்."

மூவரும் தினம் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டியைக் கொண்டுபோய் வளை வாசலில் வைத்தார்கள். அது சித்திரை மாதம். மறுநாள் போய்ப் பார்த்தால் பெருச்சாளி வைகாசி, ஆனி, ஆடி எல்லாவற்றையும் கடித்து உள்ளே இழுத்துப் போயிருந்தது. மேலே மிஞ்சியிருந்த தாள் ஆவணி பதினெட்டு. அதற்கு முன்னால் அவருக்குத் தோதுப்படவில்லை போலிருக்கிறது என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, மூவரும் ஆவணி பதினெட்டு காலையில் குளித்து, துவைத்த துணி உடுத்தி, மைப்பேடோடு வளை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மத்தியானம்வரை பார்த்தும் யாரும் வரவில்லை. உள்ளேயிருந்து தாள் கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாம வந்து குறுக்கப் பேசிராண்டாம்" என்றார் ஆவுடையப்பன், குரலைத் தாழ்த்தி. "அவரு இன்னும் ஆடி மாசத்தைத்தான் வாசிச்சிக்கிட்டிருக்காரு."