கசிவுக்கு வந்த வாழ்த்துகள்

தாமரைக்குளத்தின் கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அந்த மரத்தில்தான் ‘நூல்வழி’ என்ற நிறுவனம் நடந்துவந்தது.

அங்கே சிலந்திகள் மரத்துக்கு மரம் நூல் இழுத்துக் கட்டியிருந்தன. நூலருகே வாயை வைத்துப் பேசினால் காடு முழுக்கக் கேட்கும். சேதி பிடித்திருந்தால், கேட்ட விலங்கு தன் பக்கத்து நூலை ஒரு தட்டு தட்டும். உடனே சேதி சொன்ன விலங்கின் இருக்கையில் தொங்கும் கிலுகிலுப்பைக் காய் ‘கிலுக்’ என்று குலுங்கும்.

இந்தக் ‘கிலுக்’ சத்தத்துக்கு மயங்காத விலங்கு காட்டில் இல்லை. காலையில் எழுந்து கொட்டாவி விட்டதைக்கூட நரி நூலில் சொன்னது. அதற்கும் தட்டுகள் விழுந்தன!

நிறுவனத்தின் மேலாளர் ஒரு கொண்டலாத்திப் பறவை. தலையில் அழகான கொண்டை. காய் குலுங்கும்போதெல்லாம் அந்தக் கொண்டை விசிறிபோல் விரியும். ஒருநாள் அது எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசியது.

“வேலை செஞ்சா மட்டும் போதாது! செஞ்சது நாலு பேருக்குத் தெரியணும்! இனிமே எதுவானாலும் நூல்ல சொல்லுங்க. நம்ம ஆளு யாரு எதைச் சொன்னாலும் மத்தவங்க உடனே தட்டணும். யாரோட காய் அதிகமா குலுங்குதோ, அவங்கதான் இந்த மாச மாணிக்கம்!”

“சேதியைக் கேட்டுட்டுத் தட்டணுமா, கேட்காமலே தட்டலாமா?” என்று கேட்டது ஆமை.

“தட்டினா போதும்! வேகம்தான் முக்கியம்!”

ஆமையிடம் போய் வேகம் என்று சொன்னால் அது என்ன செய்யும்? தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மற்றவர்களுக்கோ இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. நூல் தாங்கும் கம்புகளுக்குக் குழி தோண்டுகிற காட்டுப்பன்றி கோரையன், இரண்டு குழி தோண்டிவிட்டு இருபது தடவை அதைப் பற்றிப் பேசியது. இடையிடையே கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களுக்குத் தட்டியது. தின்றுகொண்டே தட்டியது, தூக்கக் கலக்கத்திலும் தட்டியது.

ஆனால் எல்லோரையும் மிஞ்சியது கீச்சி என்ற அணில். கரையோரமாகப் போகும் நூல்களைத் தினமும் பார்த்துவருவதும், கரையில் ஏதாவது கோளாறு தெரிந்தால் சொல்வதும் அதன் வேலை. முன்பெல்லாம் கோளாறு கண்டால் கோரையனிடம் ஓடிப்போய், “அண்ணே, வாங்க!” என்று காதைப் பிடித்து இழுத்துவரும். இப்போது நூலில் அழகழகாகப் பேசக் கற்றுக்கொண்டது. மூன்று மாதமாகக் கீச்சிதான் மாணிக்கம். ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

கீச்சியின் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தது ஒரு முள்ளம்பன்றி. அதை எல்லோரும் ஈட்டியக்கா என்பார்கள். ஈட்டியக்கா அப்போது பேறுகால விடுப்பில் இருந்தது. கரைக்குக் கீழே சரிவில் அதன் வளை. உள்ளே இரண்டு பச்சைக் குட்டிகள்.

விடுப்பில் போகிற அன்று அது கீச்சியிடம் சொல்லியிருந்தது.

“வளைக்கு வர்ற நூலை நான் அறுத்துவிட்டுடப் போறேன் கீச்சி. ராத்திரி பகல்னு பார்க்காம அதிருது. குட்டிங்க எப்படித் தூங்கும்? ஏதாவதுன்னா நீ நேர்ல வந்து சொல்லுடி.”

“இதெல்லாம் சொல்லணுமாக்கா? ஓடி வந்துட மாட்டேனா!” என்றது கீச்சி. மனசாரத்தான் சொன்னது.

ஐப்பசி வந்தது. அடைமழை கொட்டியது. குளம் விளிம்புவரை நிறைந்து தளும்பியது.

மழை விட்ட ஒரு காலையில் கீச்சி கரையோரம் ஓடிக்கொண்டிருந்தது. தெற்குப் பக்கம், ஒற்றைப் பனைக்கு அடியில், ஒரு நண்டு வளையிலிருந்து தண்ணீர் கசிந்து கரைக்கு வெளிப்பக்கம் ஒழுகியது. விரல் பருமன்தான் இருந்தது. ஆனால் தண்ணீரோடு மண்ணும் கரைந்து வந்தது.

கீச்சி உடனே மருதமரத்துக்கு ஓடியது. நூலருகே வாயை வைத்தது. அங்கேதான் பழக்கம் வேலையைக் காட்டியது! ‘தெற்குக்கரை, ஒற்றைப் பனை, ஓட்டை’ என்று மொட்டையாகச் சொன்னால் யார் தட்டுவார்கள்? கீச்சி தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னது.

“நண்பர்களே, வணக்கம்! ஒவ்வொரு காலையும் ஒரு பாடம்! இன்று கரையோரப் பணியில் ஒரு கசிவைக் கண்டேன். சிறு கசிவுதான் பெரிய உண்மைகளைச் சொல்லித் தருகிறது. விழிப்போடு இருப்போம்! கைகோப்போம்! நம் கரையைக் காப்போம்!”

கிலுக்! கிலுக்! கிலுக்! காய் அறுந்து விழுகிற மாதிரி குலுங்கியது.

“அருமை கீச்சி!” என்றது கோரையன்.

“வாழ்த்துகள்! இன்னும் பல கசிவுகள் காண வாழ்த்துகிறேன்!” என்றது நரி.

“நம் நிறுவனத்தின் பெருமை!” என்றது கொண்டலாத்தி. அது வேறொரு கூட்டத்தில் இருந்தபடியே ஒரு காலால் தட்டியது.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே ஒரு மெல்லிய குரலும் வந்தது. “எந்த இடத்தில கசியுது?” ஆமைதான் கேட்டது. கீச்சி அதைச் சட்டை செய்யவில்லை. கேள்விக்குக் காய் குலுங்காதே!

கீச்சி வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து தட்டுகளை எண்ணியது. நூறு தாண்டியது. ‘இத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். இந்நேரம் பாதிப் பேராவது கரைக்குப் போயிருப்பார்கள்’ என்று நினைத்தது. நூற்றைம்பது தாண்டியதும் ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே எண்ணியது.

எவ்வளவு பேர் திரண்டிருக்கிறார்கள் என்று பார்த்துவரலாமே என்று கடைசியில் கரைக்குப் போனது. அங்கே ஒருவரும் இல்லை!

விரல் பருமன் ஓட்டை இப்போது தேங்காய் அளவு ஆகியிருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அது எங்கே போகிறது என்று கீச்சி கண்ணால் தொடர்ந்தது. சரிவில் இறங்கி, புதரைச் சுற்றி, நேராக ஈட்டியக்காவின் வளை வாசலுக்குப் போனது.

“ஐயோ! அக்காவுக்கு நூல் கிடையாதே!”

நேரில் வருகிறேன் என்று சொன்ன வாக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கீச்சிக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. சரிவில் உருண்டு புரண்டு ஓடி வளைக்குள் தலையை விட்டுக் கத்தியது.

“அக்கா! ஈட்டியக்கா! எழுந்திருங்க! கரை உடையப் போகுது!”

ஈட்டியக்கா திடுக்கிட்டு எழுந்தது. காலடியில் தண்ணீர். குட்டிகள் இரண்டும் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கத்தின.

“ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் கவ்வ முடியும் கீச்சி! மேட்டுக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள கரை தாங்குமா?”

“தாங்க வைக்கிறேன் அக்கா! நீங்க முதல் குட்டியைத் தூக்குங்க!”

சொல்லிவிட்டதே தவிர, எப்படி என்று கீச்சிக்குத் தெரியாது. மேட்டில் ஏறி ஓடியது. மருதமரத்தடியில் கோரையன் சேற்றில் படுத்துக்கொண்டு நூலைத் தட்டிக்கொண்டிருந்தது.

“கோரையண்ணே! கரை உடையுது!”

“ஆமா, கேள்விப்பட்டேன். தட்டிட்டேனே!”

“தட்டினீங்க சரி, ஏன் வரலை?”

“நூத்துக்கு மேல தட்டு விழுந்துதே கீச்சி! அத்தனை பேர் போயிருப்பாங்க, நான் ஒருத்தன் போய் என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்.”

கீச்சியும் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு அதையேதான் நினைத்தது.

“யாருமே போகலை அண்ணே! ஈட்டியக்கா குட்டிங்களோட உள்ள மாட்டிக்கிட்டாங்க. நீங்கதான் வரணும். வேற யாரும் இல்லை, நீங்க!”

‘நீங்க’ என்ற சொல் கோரையனுக்குச் சுருக்கென்று தைத்தது. சேற்றை உதறிக்கொண்டு எழுந்தது.

இருவரும் வடக்குக்கரை வழியாகத் தெற்கே ஓடும்போது முன்னால் ஏதோ மெல்ல அசைந்தது. ஆமை! தண்ணீர் விளிம்பை முகர்ந்து முகர்ந்து ஒவ்வோர் அடியாக நடந்துகொண்டிருந்தது.

“நீங்க எங்கே இங்கே?” என்று கத்தியது கீச்சி.

“கசிவைத் தேடிக்கிட்டிருக்கேன். சேதி கேட்டதுமே கிளம்பிட்டேன். எந்த இடம்னு நீ சொல்லலையே! வடக்கிலிருந்து பார்த்துக்கிட்டே வர்றேன்.”

கீச்சி குறுகிப்போனது. காட்டிலேயே ஒரே ஒரு ஆள் வேலைக்குக் கிளம்பியிருக்கிறது. அதையும் தன் அழகான பேச்சு எதிர்த் திசைக்கு அனுப்பிவிட்டதே!

“தெற்குக்கரை! ஒற்றைப் பனை!”

“நான் அங்கே நடந்து போறதுக்குள்ள கார்த்திகையே வந்துடும்” என்றது ஆமை. “கோரையா, என்னை உருட்டு!”

“என்னது?”

“மூக்கால தள்ளுடா! ஓட்டைக்கு மூடி வேணும். என் முதுகைவிட நல்ல மூடி இருக்கா?”

கோரையன் உருட்டியது. ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கடகடவென்று கரைமேல் உருண்டது. ஓட்டைக்கு நேராக வந்ததும் தொபுக்கென்று குளத்துக்குள் விழுந்தது. தண்ணீரின் இழுப்பே அதைக் கொண்டுபோய் ஓட்டையில் அழுத்தியது. வெளியே பாய்ந்த தண்ணீர் பாதியாகக் குறைந்தது.

“மண்ணு! மண்ணு போடுங்க! முதுகு பிய்யுது!” என்று உள்ளிருந்து குமிழ் குமிழாகக் குரல் வந்தது.

கோரையன் கோரைப்பல்லும் மூக்குமாக மண்ணைக் கிளறித் தள்ளியது. இருபது தடவை பேசவேண்டிய வேலையை ஒரு வார்த்தை பேசாமல் செய்தது. ஆனாலும் போட்ட மண்ணை மிதித்து இறுக்க ஆள் போதவில்லை.

கீச்சி மறுபடி மருதமரத்துக்குப் பாய்ந்தது. கொண்டலாத்தி கொண்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“வா கீச்சி! இன்னிக்கு உன் சேதிதான் காட்டிலேயே முதலிடம்!”

“ஐயா, அந்தச் சேதிக்கு ஒருத்தர்கூட வரலை. கரை உடையுது. ஈட்டியக்காவோட ரெண்டாவது குட்டி இன்னும் வளைக்குள்ள இருக்கு. உங்களுக்குச் சிறகு இருக்கு. மேற்கே மேயுற காட்டெருமைகளை நீங்க போய்க் கூப்பிடுங்க. நூல்ல வேணாம். ஒவ்வொண்ணா, பேர் சொல்லி!”

மேலாளரிடம் இப்படி யாரும் அதுவரை பேசியதில்லை. கொண்டலாத்தியின் கொண்டை பட்டென்று மடங்கியது. உடனே பறந்தது.

கொண்டலாத்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்குப் பெருமை அதிகம், ஆனால் நெஞ்சில் ஈரம் உண்டு. ஒவ்வோர் எருமையின் கொம்பிலும் போய் உட்கார்ந்து, “கருப்பா, நீ வா! வெள்ளைக்காலு, நீ வா!” என்று கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போயிற்று. எருமைகள் தடதடவென்று வந்தன. மண்ணை மிதித்து இறுக்கின. கசிவு நூலாகி, துளியாகி, நின்றது.

கீழே ஈட்டியக்கா இரண்டாவது குட்டியைக் கவ்விக்கொண்டு நனைந்த உடம்போடு மேட்டில் ஏறியது. குட்டி தும்மியது. அந்தத் தும்மலைக் கேட்டதும் கீச்சி ஓவென்று அழுதுவிட்டது.

“நேர்ல வரேன்னு சொல்லிட்டு, உட்கார்ந்து தட்டை எண்ணிக்கிட்டிருந்தேன் அக்கா. என்னை மன்னிச்சிடுங்க.”

“வந்துட்டியேடி!” என்றது ஈட்டியக்கா. “கட்டிப்பிடிச்சுக்கலாம்னா முள்ளு குத்தும். கிட்ட உட்காரு, போதும்.”

கோரையனுக்குக் கோபம் தாங்கவில்லை. “இந்த நூலை எல்லாம் அறுத்துப் போடணும்!” என்று கத்தியது.

சிலந்திகள் பதறின. “எங்க நூல் என்ன பாவம் பண்ணுச்சு? சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தோமே!”

“அவங்க சொல்றது நிஜம்” என்றது கீச்சி. “நூல்மேல குத்தம் இல்லை. யாரு வரணும்னு நான் சொல்லலை. எங்கே வரணும்னும் சொல்லலை. பாராட்டு வாங்கத்தான் சொன்னேன், பாராட்டுதான் வந்துச்சு.”

கொண்டலாத்தி கட்டிய தொண்டையோடு கரகரத்தது. “கேட்காம தட்டுங்கன்னு சொன்னது நான். இனிமே மாணிக்கமும் வேணாம், மரகதமும் வேணாம்! வேலைச் சேதின்னா பேர் சொல்லிக் கூப்பிடுங்க, இடத்தைச் சொல்லுங்க. கேட்டவங்க தட்டக் கூடாது. ‘வர்றேன்’னு சொல்லணும். சொன்னா வரணும்!”

“அப்போ நான் கொட்டாவி விட்டா?” என்று கவலையோடு கேட்டது நரி.

“அதை நீ தாராளமா சொல்லு. நேரம் இருந்தா தட்டறோம்” என்றது ஆமை. ஓட்டை நன்றாக அடைபட்ட பிறகு, மண்ணுக்குள்ளிருந்து அதை அப்போதுதான் தோண்டி எடுத்திருந்தார்கள்.

அன்று நடந்ததைப் பற்றி நூலில் ஒரு சேதியும் போகவில்லை. ஈட்டியக்காவுக்கு மேட்டில் புதுவளை தோண்டுகிற அவசரத்தில் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அடுத்த மழையில் கீச்சி மறுபடி ஒரு கசிவைக் கண்டது. நூலருகே ஓடிச் சொன்னது: “கோரையண்ணே! கீழ்க்கரை, நாவல் மரத்துக்குப் பக்கத்தில. நீங்க வாங்க!”

ஒரு தட்டும் விழவில்லை. “வர்றேன்!” என்று ஒரு குரல் மட்டும் வந்தது. சற்று நேரத்தில் குளம்படிச் சத்தமும் கேட்டது.

தட்டு விழுந்திருந்தாலும் கீச்சிக்குத் தெரிந்திருக்காது. அதன் இருக்கையில் காய் இல்லை. புதுவளை வாசலில் ஈட்டியக்காவின் குட்டிகள் இரண்டும் அந்தக் கிலுகிலுப்பையைக் காலால் உருட்டி, மாற்றி மாற்றிப் பிடுங்கி, நாளெல்லாம் குலுக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

ஆபத்து வரும்போது ஊரார் நூறு பேரின் பாராட்டைவிட, பெயர் சொல்லி அழைத்ததும் எழுந்து வருகிற ஒருவரின் கால்களே பெரிது.